மெஷினுக்கு வைத்த பொட்டு

கண்ணாடியைப் போல எரிச்சலூட்டும் பொருளோடு நான் மாரடித்ததில்லை. செங்கல் சூளையில் இருந்திருக்கிறேன். லாரியில் கிளீனராக ஓடியிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் பலாக்காய் ஏற்றியிருக்கிறேன். அங்கெல்லாம் தப்பு நடந்தால் தப்பு கண்ணுக்குத் தெரியும். செங்கல் விரியும், டயர் வெடிக்கும், பழம் அழுகும். கண்ணாடி இழையில் தப்பு நடந்தால் எதுவும் தெரியாது. பார்க்க லட்சணமாக இருக்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவன் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உன் வேலை உருப்படியில்லை என்பான்.

சுனாமி அடித்த இரண்டாவது மாதம் கடலூருக்கு வந்தேன். தேவனாம்பட்டினத்தில் வீடு போனவர்களுக்குத் தகரக் கொட்டகை போடும் வேலை. கொட்டகை முடிந்ததும் எங்கள் வேலையும் முடிந்தது. அப்போது கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாலையோரமாகப் பள்ளம் தோண்டி கேபிள் புதைக்க ஆள் எடுத்தார்கள். போனுக்கும் இன்டர்நெட்டுக்குமான கேபிள். இடுப்பைத் தாண்டிய ஆழத்துக்குத் தோண்ட வேண்டும், குழாயை இறக்க வேண்டும், கேபிளை உள்ளே இழுக்க வேண்டும், மூட வேண்டும். இரண்டு வருடம் அதைச் செய்தேன். சாலையோரம் கிடந்த பெரிய வடிகால் குழாய்களுக்குள் படுத்துத் தூங்கினோம். கோடையில் அது அடுப்பு, மழையில் அது வாய்க்கால். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கேபிளை ஒரே நீளமாகப் புதைக்க முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் துண்டு முடியும், அடுத்த துண்டு தொடங்கும். அங்கே உள்ளே இருக்கும் பன்னிரண்டு இழைகளையும் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். தலைமுடி அளவு கண்ணாடி. மேல்தோலை உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நுனியை நேராக வெட்டி, மெஷினுக்குள் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே வைத்தால், ஒரு சின்ன மின்பொறி இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும். ஒட்டியதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுருட்டி வைத்து இறுக மூடிப் புதைப்போம். இதைச் செய்தவர் துபாய்க்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் ஒரு காலையில் பள்ளத்தின் விளிம்பில் நின்று கேட்டார்.

"எவனுக்குடா இங்கிலீஷ் எழுத்து தெரியும்? கை நடுங்காதவனா இருக்கணும்."

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். எழுத்து தெரியும். கை நடுங்காது. மூன்று நாள் பழக்கினார்கள், அவ்வளவுதான் படிப்பு. நான்காம் நாளிலிருந்து குடைக்குக் கீழே, முக்காலியில், மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்தபடி ஒரு வேலை. அந்த முக்காலியை விட்டு எழுந்து மறுபடியும் கடப்பாரையைப் பிடிக்கக்கூடாது. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

எனக்குக் கூட்டாளியாக ஒருவன் இருந்தான். தேவனாம்பட்டினத்துக்காரன். படகு போனபின் கடலுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பள்ளம் தோண்ட வந்தவன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இழையை உரித்துக் கொடுப்பது அவன் வேலை. வலை பின்னிய கை, பிசகாது. உரிக்கும்போது தெறிக்கும் கண்ணாடித் துணுக்கு விரலுக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது, எடுக்கவும் முடியாது. என் இடது பெருவிரலில் இன்றும் ஒன்று இருக்கிறது.

மழை நாட்களில் வேலை நிற்கும்போது நூலகத்தில் ஒதுங்குவேன். அங்கே அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் இந்த இழையின் கதை இருந்தது. ஐரோப்பாவில் யாரோ தொட்டியில் ஓட்டை போட்டு, வழியும் தண்ணீருக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார்களாம். தண்ணீர் வளைந்து விழுந்தபோது வெளிச்சமும் அதற்குள்ளேயே முட்டி முட்டி வளைந்து விழுந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு என்ன செய்தார்கள்? மேடையிலும் நீரூற்றிலும் வைத்து வேடிக்கை காட்டினார்கள். வெகுகாலம் கழித்து வைத்தியர்கள் கண்ணாடி இழையைக் கற்றையாகக் கட்டி மனிதர் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். சில முழம் போனது. தொலைதூரம் விட்டால் வெளிச்சம் வழியிலேயே செத்தது. கண்ணாடி லாயக்கில்லை என்று பல பேர் கைவிட்டார்கள். பிறகு ஒருவர், குற்றம் கண்ணாடியுடையது அல்ல, அதற்குள் துளித்துளியாகக் கலந்து கிடக்கும் இரும்பு, தாமிரம் முதலான அழுக்கினுடையது என்றார். அழுக்கை எடுத்துக் கண்ணாடி செய்தார்கள். வெளிச்சம் கிலோமீட்டர் கணக்கில் போனது. அத்தனை காலம் அழுக்கை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் திட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படித்தவர்களே இப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

2007இல் ஆயுத பூஜை வந்தபோது வேலை புதுச்சத்திரத்தைத் தாண்டியிருந்தது. முதல் நாளே கடப்பாரை, மண்வெட்டி, ஜெனரேட்டர், ஜீப் எல்லாவற்றையும் கழுவினோம். பூஜையன்று யாரும் எந்தக் கருவியாலும் வேலை செய்யமாட்டோம். வரிசையாக வைத்து, விபூதி பூசி, சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். சூப்பர்வைசர் வடலூர்க்காரர், எங்களுக்கெல்லாம் மாமா. எந்தக் கருவிக்கும் பொட்டு விட்டுப்போகக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாமா, ஒங்க ஊருல ஜோதியதான கும்புடுவாங்க, நீங்க ஏன் கடப்பாரைக்கு சந்தனம் பூசுறீங்க?" என்றான் மச்சான்.

"ஜோதி அங்க. சோறு இங்க. வாய மூடிக்கிட்டு பொட்டு வை."

ஒட்டுகிற மெஷினுக்கு நான்தான் வைத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. மூடிமேல் பெரிதாக ஒரு பொட்டு. பிறகு தோன்றியது, வேலை நடப்பதோ உள்ளே, மூடிக்கு மட்டும் வைத்தால் எப்படி. மூடியைத் திறந்து, இழை படுக்கும் பள்ளம் இருக்கிறதே, அதை ஒட்டினாற்போல உள்ளேயும் ஒன்று வைத்தேன். அந்தப் பள்ளம் ஒரு கீறல்தான். அதில்தான் இழை அசையாமல் உட்கார வேண்டும். அதற்குப் பக்கத்தில், பக்தியோடு, ஈரச் சந்தனம். மேலே ஒரு சிட்டிகை குங்குமம்.

மறுநாள் துடைத்தேன். துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட இடைவெளிகளில் நான்கு ஜாயின்ட் போட்டோம். ஒவ்வொரு இழைக்கும் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் நேர்கோடாக வந்தன. ஒட்டியபின் ஒட்டு நல்லது என்றே எண் காட்டியது. மூடினோம், புதைத்தோம்.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசரின் போன் அடித்தது. கம்பெனி என்ஜினியர். கடலூர் முனையிலிருந்து சோதித்திருக்கிறார். சோதனைப் பெட்டி இழைக்குள் ஒரு துடிப்பு வெளிச்சத்தை அனுப்பும். வழியெல்லாம் சிதறித் திரும்பி வரும் துளியை வைத்து ஒரு கோடு வரையும். வெளிச்சம் எங்கே ஒழுகுகிறதோ அங்கே கோடு படி இறங்கும். எங்கள் நான்கு ஜாயின்ட்டிலும் படி இறங்கியிருந்தது. பேசி முடித்த சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் கேபிள் உருளையைப் பார்த்துச் சொன்னார்.

"வர்ற புதன்கெழம திரும்ப டெஸ்ட் பண்றாராம். அப்பவும் இப்டியே இருந்தா கைய மாத்துங்கன்னுட்டாரு."

"மெஷின் நல்லாத்தான காட்டுச்சு?"

"அத மெஷின்கிட்ட கேளு."

கையை மாற்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முக்காலியில் வேறொருவன் உட்காருவான். நான் பள்ளத்துக்குள்.

சூப்பர்வைசர் அன்றே ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்து மெஷின் கைப்பிடியில் கட்டினார். திருஷ்டியாம். ஜீப் ஒவ்வொரு குழியில் விழும்போதும் அந்தப் பழம் மெஷின் மூடியில் டக் டக் என்று இடித்தது.

அந்த வாரம் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுக்குள் கேபிள் முனையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சுவரில் ஓட்டை போட மச்சான் கடப்பாரையை எடுத்து நாலு இடி இடித்தான். உள்ளேயிருந்து ஆய்வு மாணவி ஒருத்தி வேகமாக வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். முகமெல்லாம் கோபம்.

"ண்ணா, யாரக் கேட்டு இடிக்கிறீங்க? மூணு நாளா கண்ணாடி மேல படலம் ஏத்திக்கிட்டு இருக்கேன். இப்ப தூசி எல்லாம் உள்ள வந்து உக்காந்துடுச்சு."

"ஓட்ட போடச் சொன்னாங்க, போடுறோம். தூசிதானங்க, தொடச்சுக்குங்க," என்றேன். எனக்கு என் நான்கு ஜாயின்ட் கவலை.

"தொடச்சுக்கிறதா? இங்க வாங்க."

உள்ளே மேசைமேல் இருந்த ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து, கையிலிருந்த பழைய துணியால் நன்றாகத் துடைத்து என்னிடம் நீட்டினாள். சுத்தமா என்று கேட்டாள். சுத்தம் என்றேன். அதன்மேல் வாயால் ஊதினாள். ஆவி படிந்ததும் துணி போன வரிகளும் அவள் விரல்ரேகையும் அப்படியே எழுந்து வந்தன.

"மேல்பரப்புன்னு ஒண்ணு இருக்கே, அதுல தொடச்சா போச்சுன்னு எதுவும் போகாது. எண்ணெ பசை ஒரு படலமா பரவிக்கும், அவ்ளோதான். நான் இங்க நாலு வருஷமா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப இடிக்க வந்த சாரு தொடச்சுக்குங்கங்கிறாரு."

எனக்கு ரோஷம் வந்தது. "நாங்களும் கண்ணாடியிலதாங்க வேல பாக்குறோம். வெளிச்சம் போற கண்ணாடி."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பென்சில் கனத்தில் ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்து, அதன் ஒரு முனையில் சிவப்பு லேசர் விளக்கைப் பிடித்தாள். மறுமுனையில் மட்டும் வெளிச்சம் வந்தது. நடுவில் குச்சி இருட்டாகவே இருந்தது. பிறகு தன் மூக்கின் ஓரத்தில் விரலைத் தேய்த்து, குச்சியின் நடுவில் தொட்டாள். தொட்ட இடத்தில் அவள் ரேகை சிவப்பாக எரிந்தது. மறுமுனையில் வெளிச்சம் மங்கியது.

"வெளிச்சம் ஓரத்துல முட்டித் திரும்பும்போது ஒரு துளி வெளிய எட்டிப் பாத்துட்டுத்தான் திரும்பும். அங்க எண்ணெ இருந்தா அப்டியே ஒழுகிடும். அதுக்குத்தான் உங்க இழையில வெளிச்சம் போற கண்ணாடிய சுத்தி இன்னொரு கண்ணாடிய போத்தி வச்சிருக்காங்க. யாரு தொட்டாலும் உள்ள இருக்கறதுக்குத் தெரியாது. அதையும் மீறி ஒழுகுதுன்னா, ஒட்டுற எடத்துல ஒண்ணுக்கொண்ணு நேரா உக்காரலன்னு அர்த்தம்."

"நேராத்தாங்க காட்டுது."

"எந்தப் பக்கத்துலருந்து பாக்குறீங்க?"

எங்களுடையது பழைய மெஷின். மேலிருந்து மட்டும் பார்க்கும். பக்கவாட்டுப் பார்வை இல்லை. நான் ஜீப்புக்குப் போய் மெஷினைக் கொண்டுவந்தேன். கைப்பிடியில் ஆடிய எலுமிச்சம்பழத்தை அவள் விரலால் ஓரமாகத் தள்ளினாள். மூடியைத் திறந்து, பள்ளத்துக்கு மேலே ஒரு உருப்பெருக்கியைக் கொண்டுவந்து குனிந்தாள்.

"இது என்ன செவப்பா?"

நான் பார்த்தேன். அந்தக் கீறல் ஒரு வாய்க்காலைப் போலத் தெரிந்தது. அதன் அடியில் செங்கல் ஜல்லியைப் போலச் சிவப்புத் துகள்கள், சுற்றிலும் காய்ந்த சேறாகச் சந்தனம். இழைகளை வைத்தால் ஒரு பக்கத்து இழை வாய்க்காலுக்குள் கிடக்கும், மறுபக்கத்து இழை ஜல்லிமேல் ஏறி நிற்கும். மேலிருந்து பார்த்தால் நேர்கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று படியில், ஒன்று தரையில்.

"குங்குமம்," என்றேன்.

"குங்குமமா?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"யாரு வச்சா?"

மச்சான் வாசலில் நின்றபடியே என்னை நோக்கிக் கையை நீட்டினான். அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை. பிறகு ஒரு சின்னப் புட்டியில் நல்ல ஸ்பிரிட் ஊற்றிக் கொடுத்தாள். பஞ்சு போடாதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும் என்றாள். உரித்த இழையின் நுனியாலேயே அந்தக் கீறலைச் சுரண்டினோம். அதைவிட மெல்லிய குச்சி உலகத்தில் எங்களிடம் வேறு இல்லை. நாற்பது தடவை சுரண்டி, நாற்பது தடவை பார்த்த பிறகுதான் அடி தெரிந்தது. அன்று மிச்ச ஓட்டையை அவள் சொன்னபடி ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு இடித்தோம்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். காரணம் தெரிந்துவிட்டது, நான்கு டப்பாவையும் தோண்டித் திறந்து மறுபடி ஒட்டிவிடலாம் என்றேன். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"சாமிக்கு வச்ச பொட்டு கேபிளக் கெடுத்துடுச்சுன்னு சொல்ற?"

"சாமி கெடுக்கல. நான் வச்ச எடம் கெடுத்துச்சு."

"இத நான் என்ஜினியர்கிட்ட சொன்னா என் மூஞ்சியில காறித் துப்புவாரு. மூடுன டப்பாவத் தொறந்தா நாமளே தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்த மாதிரி. தொறக்காத."

"தொறக்கலன்னா புதன்கெழம என்ன ஆவும்?"

"மழ ஈரம்னு சொல்லிக்கலாம். காஞ்சா சரியாப் பூடும்."

"கண்ணாடி காயாது மாமா."

"எல்லாம் காயும். மண்ணு காயுது, தார் ரோடு காயுது, கண்ணாடி மட்டும் காயாதா?"

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது. கெட்டியாக மூடிய டப்பாவுக்குள் உருகி ஒட்டிக்கிடக்கும் கண்ணாடி எப்படிக் காயும், காய்ந்தாலும் எப்படித் தானாக நகர்ந்து நேராக உட்காரும்? அவருக்கு அது கேள்வியே இல்லை. அவருக்கு வேண்டியது சொல்லிக்கொள்ள ஒரு காரணம். எனக்கு வேண்டியது அந்த முக்காலி.

ஞாயிற்றுக்கிழமை அவர் காதுகுத்து விசேஷம் ஒன்றுக்காக வடலூருக்குப் போனார். ஜீப் அவரோடு போய்விட்டது. நானும் மச்சானும் ஒரு மீன்பாடி வண்டியைக் கேட்டு வாங்கி, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். முதல் குழியில் தண்ணீர் தொடை வரைக்கும் நின்றது. வாளியால் இறைத்தோம். டப்பாவைத் திறந்து, ஒட்டிய இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டையும் புதிதாக ஒட்டினேன். மச்சான் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டே உரித்தான். மூன்று இழைக்கு ஒரு தடவை மெஷினின் பள்ளத்தைச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டாவது குழி, மூன்றாவது குழி. பரங்கிப்பேட்டை பிரியும் சாலைக்கு அருகே நான்காவது. நடுவில் ஒரு இடத்தில் பரோட்டா தின்றோம்.

"மச்சான், இவ்ளோ செஞ்சும் புதன்கெழம ஃபெயிலாச்சுன்னா?" என்றான்.

"தோண்டப் போவேன்."

"என் மம்பட்டி நல்ல மம்பட்டி. அத எடுத்துக்காத."

வெளிச்சம் மங்குவதற்குள் கடைசிக் குழியையும் மூடிவிட்டோம். மேலே பழையபடி புல்லைப் பெயர்த்து வைத்தோம். திருடனைப் போல இருந்தது. சரியாக வேலை செய்ததற்காக ஒளிந்தது அந்த ஒரு நாள்தான்.

புதன்கிழமை என்ஜினியர் நேரிலேயே வந்தார். சோதனைப் பெட்டியைத் தட்டினார். கோடு வழுவழுவென்று சரிந்துகொண்டே போனது. எந்த இடத்திலும் படி இல்லை. அவர் பழைய அச்சுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்படிச் சரியாச்சு?"

"மழ ஈரம் சார்," என்றார் சூப்பர்வைசர். "மூணு நாளா வெயிலு. காஞ்சிடுச்சு."

என்ஜினியர் என்னைப் பார்த்தார். "ஒட்டுனது நீதான? ஈரம்தானா?"

சூப்பர்வைசரும் என்னைப் பார்த்தார். நான்கு குழியின் மேலிருந்த புல் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நான் உண்மையைச் சொன்னால் அனுமதியில்லாமல் டப்பாவைத் திறந்ததும் வெளியே வரும். அவருக்கும் வேலை போகும், எனக்கும் போகும்.

"ஈரம்தான் சார்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஈரம் தங்கியதால் ஒளி இழப்பு ஏற்பட்டது, உலர்ந்தபின் சரியாகிவிட்டது. கீழே கையெழுத்து. என்ஜினியர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல கை, இவனே ஒட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் ஒரு உத்தரவு வந்தது. ஈரத்தால் இழப்பு ஏற்படுவது தெரியவந்திருப்பதால், இனிமேல் ஒவ்வொரு டப்பாவையும் மூடுவதற்கு முன் இருபது நிமிடம் சூடான காற்றில் உலர்த்த வேண்டும். கூடவே முடி உலர்த்தும் கருவி ஒன்றும் வந்தது. பெண்கள் பயன்படுத்துவது, ரோஸ் நிறம். சூப்பர்வைசர் உத்தரவை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையெழுத்தினால் வந்த உத்தரவு என்பதால் என்னாலும் எதுவும் பேச முடியவில்லை. மெஷினில் எங்கே பொட்டு வைக்கக்கூடாது என்று எந்த உத்தரவும் வரவில்லை.

கார்த்திகை மாதம் முழுவதும் மழை. சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழி. நான் முக்காலியில் இருந்தேன். ஒட்டி முடித்தாகிவிட்டது, பன்னிரண்டும் சுத்தம். ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை, மறுகையில் அந்த ரோஸ் நிறக் கருவியோடு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி மச்சான் திறந்த டப்பாவுக்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இன்னும் எத்தினி நிமிஷம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பதினொண்ணு."